மரியபுஷ்பத்தின் இடம்

பள்ளிக்கூடத்துக்கு மானியம் வந்திருந்தது. அதை எதற்குச் செலவழிப்பது என்று பிள்ளைகளே சொல்ல வேண்டுமாம். "எல்லாரும் வாசலுக்கு அலங்கார வளைவுன்னுதான் சொல்லணும். மாத்திப் பேசினா டி.சி.தான்" என்று தாளாளர் தங்கப்பழம் முன்கூட்டியே மிரட்டியிருந்தார்.

ஏழாம் வகுப்பு மரியபுஷ்பம் தன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு நேர் மேலே கூரை விரிசல் விட்டுக் காரை உதிர்ந்துகொண்டிருந்தது.

பிள்ளைகளிடம் கேட்க வந்த மானிய அதிகாரி தாளாளரோடு வகுப்புக்குள் நுழைந்ததும் அவள் எழுந்தாள். "வளைவுதான் வேணும் சார். தாளாளர் ஐயாவுக்குப் பொன்னாடை போடணும். ஐயா, இங்க வந்து உட்காருங்க" என்று தன் பெஞ்சைக் காட்டினாள்.

பொன்னாடை என்றால் ஐயாவுக்கு உயிர். வேகமாக வந்தவர், அண்ணாந்து பார்த்ததும் பின்வாங்கினார்.

"இங்கேயா? தலையில விழுந்தா யாரு பொறுப்பு?"

"அது என் இடம், ஐயா."

அதிகாரி முதலில் பிள்ளைகளை வெளியே போகச் சொன்னார். அப்புறம்தான் பேனாவைத் திறந்தார்.