செருமல்

"தாயே, யாராவது தொண்டையைச் செருமினால் என் முதுகு தானாகக் குனிந்துவிடுகிறது," என்றான் மருதவாணன்.

செங்கமலத்தாய் அவனைவிட வயதில் இளையவள். மலைமேல் இருந்த அந்தச் சிறிய மடத்துக்கு அவள்தான் குரு.

"எங்கே கற்றீர்?"

"என் பழைய குரு உமாபதி அடிகளிடம். செருமுவார். உடனே பிரம்பு விழும். பிறகு பிரம்பே தேவைப்படவில்லை. செருமினாலே போதும், நடுங்குவேன். தாங்காமல் ஓடி வந்துவிட்டேன்."

"இப்போது என்ன வேண்டும்?"

"பயம் போக வேண்டும்."

அவள் செருமினாள்.

அவன் சுருண்டான். கண்ணைத் திறந்தபோது அவள் கையில் ஒரு துண்டு கருப்பட்டி இருந்தது. வாங்கினான். நடுக்கத்தில் அது கீழே விழுந்தது.

மறுநாளும் செருமினாள், கருப்பட்டி கொடுத்தாள். அதற்கடுத்த நாளும்.

மழைக்காலம் போய்ப் பனி வந்தது. அவள் செருமினால் அவனுக்கு நாக்கில் நீர் ஊறியது. கை தானாக நீண்டது.

"பயம் போய்விட்டது, தாயே."

"போய்விட்டதா?" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

ஒரு நாள் காலையில் மடத்து வாசலில் உமாபதி அடிகள் வந்து நின்றார். கையில் அதே பிரம்பு. ஓடிப்போன சீடனைத் தேடி வந்திருந்தார்.

மருதவாணன் அவரைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

அடிகள் செருமினார்.

மருதவாணன் தூணைவிட்டு வெளியே வந்தான். வாயில் எச்சில் ஊறியது. கை நீண்டது.

அடிகள் பிரம்பின் நுனியை அந்த உள்ளங்கையில் வைத்தார்.

"செருமியதும் வந்துவிட்டாய்; மறக்கவில்லையே நீ. கிளம்பு, போகலாம்."

மருதவாணன் கையை இழுக்கப் பார்த்தான். அது வரவில்லை. பிரம்பைக் கண்டு கூட அவன் இவ்வளவு பயந்ததில்லை.

"தாயே," என்றான். "இது யாருடைய கை?"

"அடிகள் கொடுத்த பயத்தைக் கேட்டுத்தான் வாங்கினீரா?"

"இல்லை."

"நான் கொடுத்த இனிப்பை?"

அவன் நீண்டிருந்த தன் கையைப் பார்த்தான்.

"நீராகவே விரல்களை மடக்கிப் பாரும்," என்றாள்.

அடிகள் மறுபடியும் செருமினார்.

சுண்டுவிரல் மட்டும் மெல்ல மடங்கியது.