பால்கனியில் ஒரு பொம்பளை குறையுது

கோணப்பனையூரில் வீடு கட்டுகிறவர்கள் யாரிடமும் யோசனை கேட்பதில்லை. கேட்டால் சொல்வதற்கு ஊரில் ஆளும் இல்லை. அந்த ஊரில் ராக்கப்பன், ஒச்சப்பன், சேவுகன் என்று அண்ணன் தம்பி மூன்று பேர். மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதற்குக் காரணம் அவர்கள் குடியிருந்த வீடு.

அந்த வீட்டை அவர்களே கட்டினார்கள். மணலும் செங்கல்லும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால் வேலை ஓடும் என்று, சரக்கு ஏற்றி வந்த டிராக்டரை மனையின் நடுவில் நிறுத்தி, அதைச் சுற்றியே சுவர் எழுப்பிவிட்டார்கள். கூரை போட்ட பிறகுதான் டிராக்டர்காரர் வண்டியைக் கேட்டார். வாசல் மூன்றடி அகலம். அன்றிலிருந்து அவர் தினமும் காலையில் வந்து, கூடத்தில் வண்டி மேல் ஏறி உட்கார்ந்து, பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று அரை மணி நேரம் ஓடவிட்டுவிட்டுப் போவார். சம்பந்தம் பேச வந்தவர்கள் எல்லாம் அந்தப் புகையில் இருமிக்கொண்டே திரும்பிப் போனார்கள்.

அண்ணன்கள் இரண்டு பேரும் மனசைத் தேற்றிக்கொண்டார்கள். கடைக்குட்டி சேவுகனால் முடியவில்லை. அவனுக்கு முப்பத்து நாலு வயது. கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊர்த் தவமணியை மாவு மில்லில் பார்த்திருந்தான். "சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க" என்று அவள் சொன்னாள். முப்பத்து நாலு வருஷத்தில் அதை அவனிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

தவமணியின் அப்பா வீரணன் வீடு பார்க்க வந்தார். இருமி முடித்ததும் சொன்னார்.

"மாப்ளே, உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. வீடுதான் சரியில்ல. படிச்சவங்களை வச்சுப் புதுசா ஒண்ணு கட்டுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதைச் செய்யுங்க. உங்க புத்தியைக் கொஞ்சங்கூடக் கலந்துறாதீங்க. எல்லாம் படத்துல உள்ளபடி இருக்குன்னு அவங்ககிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க, பொண்ணைத் தாரேன். ஆவணி தாண்டினா வேற இடம் பாத்துருவேன்."

புத்தியைக் கலக்கக் கூடாது என்ற நிபந்தனை மூன்று பேருக்குமே சுலபமாகத்தான் பட்டது.

டவுனில் தனுஷ்கோடி என்று ஓர் இன்ஜினியர் இருந்தார். அஸ்திவாரம் எவ்வளவு, கம்பி எவ்வளவு, கட்டடம் நிற்குமா சாயுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவர். "மொதல்ல உங்க மனை மண்ணைக் கொண்டாங்க, சோதிச்சுப் பாக்கணும்" என்றார் அவர்.

ஊருக்குத் திரும்பியதும் மனையில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"எவ்வளவு மண்ணுண்ணே?" என்றான் சேவுகன்.

"மனை மண்ணுன்னார். மனை எவ்வளவோ அவ்வளவு" என்றார் ராக்கப்பன்.

"ஆழம் சொல்லலையே" என்றார் ஒச்சப்பன்.

"நிறுத்தவும் சொல்லலையே."

ஐந்தடி தோண்டினார்கள். லாரி பதினோரு நடை அடித்தது. தனுஷ்கோடியின் ஆபீஸ் வாசல் மண்ணில் மூடிப்போனது. அவர் ஜன்னலைத் திறந்து, கையை நீட்டி ஒரு பிடி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தயவுசெய்து கொண்டுபோகச் சொன்னார். கொண்டுவந்து கொட்டி நிரவினார்கள். ராக்கப்பனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அப்பா விட்டுப்போன மனையில் ஒரு பிடி குறைகிறதே என்று மறுநாளே டவுனுக்குப் போய், சோதனை முடியும்வரை ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, அந்தப் பிடி மண்ணைத் துண்டில் முடிந்து எடுத்துவந்தார்.

கொத்தனார் வெளியூர்க்காரர் என்பதால் வீடு நேராகவே எழும்பியது. மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்ட மறுநாள் தனுஷ்கோடி வந்து பார்த்தார். "இருபத்தொரு நாளைக்குக் காலையிலயும் சாயந்தரமும் கிணத்துத் தண்ணி ஊத்துங்க. ஈரம் காயக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது.

"அண்ணே, இப்ப என்ன செய்ய?" என்றான் சேவுகன்.

"இது கிணத்துத் தண்ணியா?"

"இல்லண்ணே."

"காலையா, சாயந்தரமா?"

"மத்தியானம்."

"ரெண்டுமே தப்பா இருக்கு. தடுத்துற வேண்டியதுதான்" என்றார் ராக்கப்பன்.

தளத்துக்கு மேலே தார்ப்பாய் கட்டி மழையை மறித்தார்கள். அதற்கு அடியில் குனிந்து நின்று வேளை தவறாமல் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார்கள். தார்ப்பாயில் தேங்குகிற மழைத் தண்ணீரை வீணாக்குவானேன், அதை மொண்டு கிணற்றில் ஊற்றிவிட்டால் கிணற்றுத் தண்ணீர் ஆகிவிடும், பிறகு இறைத்து ஊற்றலாம் என்று சேவுகன் ஒரு வழி சொன்னான். அண்ணன்கள் இரண்டு பேரும் அன்று அவனைப் பெருமையாகப் பார்த்தார்கள்.

இப்படி ஆடி முடிவதற்குள் வீடு முடிந்துவிட்டது. இனி கையெழுத்துத்தான் பாக்கி. அதைப் போட வேண்டியவர் வீட்டுக்குப் படம் வரைந்து கொடுத்த ஆர்க்கிடெக்ட் ரெஜினா மேடம். ஆவணி இருபத்தெட்டாம் தேதி வருவதாகப் போனில் சொன்னார். "நான் குடுத்த படத்துல இருக்கிறபடியே எல்லாம் இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று கறாராகவும் சொன்னார்.

மூன்று பேரும் வீட்டின் முன்பக்கப் படத்தைத் தரையில் விரித்து வைத்துச் சரிபார்த்தார்கள். ஜன்னல் நாலு, இருந்தது. கேட் இருந்தது. மாடியில் பால்கனி இருந்தது. அதற்கு மேலும் படத்தில் இருந்ததைச் சேவுகன் விரல் வைத்துக் காட்டினான்.

"அண்ணே, வீட்டுக்குப் பக்கத்துல ஒரு மரம் இருக்கு. வானத்துல மூணு பறவை இருக்கு. வாசல்ல ஒரு காரு."

"கீழ பாரு, கேட்டுகிட்ட ஒரு ஆம்பளை நிக்கிறான்" என்றார் ஒச்சப்பன். "கையில பை வச்சிருக்கான். மூஞ்சி இல்ல."

"நாம மூணு பேரு இருக்கோம். படத்துல ஒருத்தன்தான இருக்கான்" என்றார் ராக்கப்பன். பிறகு தன் தொந்தியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "படத்துல தொந்தி இல்ல. ஒச்சப்பன் கூன் போட்டு நிப்பான். அது சேவுகன்தான். நாங்க பின்பக்கம் இருந்துக்கிறோம்."

சேவுகன் கண் பால்கனியில் நின்றது. அங்கே சேலை கட்டிய ஒரு பெண், ஒரு கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தாள்.

"பால்கனியில ஒரு பொம்பளை குறையுதுண்ணே" என்றான்.

மரத்துக்குக் கண்மாய்க் கரையிலிருந்து ஒரு வேம்பை வேரோடு பெயர்த்து வந்தார்கள். பறவைக்கு மொட்டை மாடியில் கம்பி கட்டி மூன்று கோழிகளை ஏற்றி உட்கார வைத்தார்கள். பெண்ணுக்கு என்ன செய்வது? கையெழுத்து இல்லாமல் வீரணன் பெண் தரமாட்டார். பெண் இல்லாமல் ரெஜினா மேடம் கையெழுத்துத் தரமாட்டார். ஆவணியில் பன்னிரண்டு நாள்தான் மிச்சம் இருந்தது.

சேவுகன் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கண்மாய்க் கரையோடு நடந்தான். வீரணனும் சாமானியப்பட்டவர் இல்லை. இரண்டு ஊருக்கும் கண்மாய் ஒன்றுதான், குடிக்கிற தண்ணீரும் ஒன்றுதான். அவர் படத்தை வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு யாரைப் பாத்து மாப்ளே கையை ஆட்டுது?"

"தெரியல மாமா."

"நீங்க கேட்டுகிட்ட ரோட்டைப் பாத்து நிக்கிறீங்க. உங்க முதுகுக்குப் பின்னால இது யாருக்கோ கை காட்டுது. இப்படிப்பட்ட வீட்டுல எம்பொண்ணை எப்படிக் குடுக்கிறது?"

சேவுகனுக்குக் கண் கலங்கிவிட்டது. "தவமணி அப்படிப்பட்ட பொண்ணு இல்ல மாமா" என்றான்.

உள்ளே இருந்து தவமணி வந்தாள். படத்தை வாங்கிப் பார்த்தாள். "இதுல என்னப்பா இருக்கு? சோறு ஆயிருச்சு வாங்கன்னு அவரைத்தான் கூப்பிடுது. அவருதான் திரும்பாம நிக்கிறாரு" என்றாள்.

"திரும்பினா கையெழுத்துக் கிடைக்காது தவமணி."

"சரி, கையெழுத்து ஆனதும் திரும்புங்க."

அந்த ஒரு வார்த்தையில் அவனுக்கு உயிர் வந்தது. வீரணனும் இறங்கிவந்தார். அன்று ஒரு நாள் மட்டும் பெண்ணைப் பால்கனியில் நிறுத்துவதாகவும், துணைக்குத் தானும் வருவதாகவும் ஒத்துக்கொண்டார். படத்தில் தான் இல்லாததால் மரத்துக்குப் பின்னால் இருந்துகொள்வதாகவும் அவரே சொன்னார்.

இருபத்தெட்டாம் தேதி காலையில் எல்லாரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். கார் மட்டும் இல்லை. என்ன செய்வதென்று ராக்கப்பன் தவித்துக்கொண்டிருக்கும்போது ரெஜினா மேடமே ஒரு காரில் வந்து, வாசலில் நிறுத்தி இறங்கினார்.

"மேடம், காரு மேக்க பாக்கணும். கொஞ்சம் திருப்பி விடுங்க" என்று வீட்டுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"யாரு அது? முன்னாடி வந்து பேசுங்க."

"வரமுடியாது மேடம். நாங்க படத்துல இல்ல."

மேடம் கேட்டருகே போய், "என்ன சேவுகன் இதெல்லாம்?" என்றார். படத்து ஆளுக்கு வாய் இல்லையென்பதால் சேவுகன் பதில் சொல்லவில்லை. மேடம் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். பையைப் பார்த்தார், வேம்பைப் பார்த்தார், கம்பியில் இருந்த மூன்று கோழிகளைப் பார்த்தார், கடைசியாகப் பால்கனியில் கை தூக்கி நின்ற பெண்ணைப் பார்த்தார். பதினைந்து வருஷமாக அவர் எத்தனையோ வீட்டுக்குப் படம் போட்டிருக்கிறார். எல்லாரும் ஒரு ஜன்னலையாவது தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிவிடுவார்கள். அவர் சொன்னதைச் சொன்னபடி செய்தவர்களை அன்றுதான் பார்க்கிறார். காரைத் திருப்பி நிறுத்தி, அதன் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு. இது இப்படியே இருக்கட்டும். இனி எதை மாத்துறதா இருந்தாலும், புதுசா எதைச் சேக்கிறதா இருந்தாலும், என்கிட்டக் கேக்காமச் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"காரு போயிருச்சே" என்றார் ஒச்சப்பன்.

"அது அவங்களே மாத்தினது" என்றார் ராக்கப்பன்.

சேவுகன் பால்கனியைப் பார்க்கத் திரும்பப்போனான். "தம்பி, திரும்பாத. இப்படியே இருக்கட்டும்னாங்க" என்று இரண்டு அண்ணன்களும் ஒரே குரலில் சொன்னார்கள். சேவுகன் அப்படியே நின்றான். பின்னால் தவமணி, "சோறு ஆயிருச்சு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கை வலிக்குது" என்றாள். அவன் ரோட்டைப் பார்த்தபடியே அழுதான். கையெழுத்து வந்துவிட்டது, பெண்ணும் வந்துவிட்டாள், திரும்பிப் பார்க்கத்தான் வழியில்லை.

ஒச்சப்பன் பஸ் பிடித்து டவுனுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு படத்தில் கேட்டருகே நின்ற ஆளை ரப்பரால் அழித்து, பால்கனியில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் வரைந்தார். அவள் கையையும் இறக்கிவிட்டார். சாயந்தரம் அந்தப் படம் ஊருக்கு வந்த பிறகுதான் சேவுகன் திரும்பினான். மாடிப்படியில் நாலு நாலு படியாகத் தாவி ஏறி அவள் பக்கத்தில் போய் நின்றான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எங்கேயும் நின்றதில்லை.

கல்யாணமும் பால்கனியில்தான் நடந்தது. ஐயர் படத்தில் இல்லாததால் கைப்பிடிச் சுவருக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து மந்திரம் சொன்னார். ஊரார் ரோட்டில் நின்று அரிசி போட்டார்கள். அண்ணன்களும் நடமாட வேண்டுமே என்று வீட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் படத்தில் வரமாட்டார்கள் என்பதை மேடத்திடம் போனில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்கள்.

அடுத்த சித்திரையில் சேவுகனும் தவமணியும் மேடத்தின் ஆபீசுக்குப் போய் எதிரே உட்கார்ந்தார்கள். சேவுகன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மேடம், வீட்டுல புதுசா ஒரு ஆளைச் சேக்கணும்."

"வாடகைக்கா?"

"இல்ல மேடம். சின்ன ஆளு." தவமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "கேக்காமச் சேக்கக் கூடாதுன்னீங்க. அதான், அனுமதி வாங்கிட்டு..."

மேடத்துக்கு விஷயம் பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. பிடிபட்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கம்ப்யூட்டரில் தயாராக இருந்த படங்களிலிருந்து ஒரு குழந்தையை எடுத்து, கேட்டருகே காலியாக இருந்த இடத்தில் வைத்து, அச்செடுத்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். சிவப்புப் பலூனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற, மூன்றடி உயரப் பெண் குழந்தை.

மாசி மாதம் பெண் குழந்தையே பிறந்தது. ஊரெல்லாம் மேடத்தின் கைராசியைப் பேசியது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றே அண்ணன் தம்பி மூன்று பேரும் குழந்தையைக் கேட்டருகே எடுத்துப்போய், படத்தையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

"நிக்கமாட்டேங்குதே" என்றார் ஒச்சப்பன்.

"மூணடியும் இல்ல" என்றான் சேவுகன். அவன் முகம் வாடிவிட்டது.

"வளர நாலு வருஷம் ஆகும். அதுவரைக்கும் வீடு படத்துல உள்ளபடி இல்லைன்னு ஆயிரக் கூடாது தம்பி. பிள்ளையை உள்ள தொட்டில்ல போட்டுட்டு, நீ பொண்டாட்டியோட நிம்மதியா பால்கனியில நில்லு" என்றார் ராக்கப்பன்.

இப்போது கோணப்பனையூருக்குப் போனால், பஸ்ஸிலிருந்தே அந்த வீடு தெரியும். கேட்டருகே ஐம்பத்திரண்டு வயது ராக்கப்பன் முட்டி போட்டு, மூன்றடி உயரத்தில், கையில் சிவப்புப் பலூனோடு நிற்கிறார். படத்துப் பிள்ளை சிரித்துக்கொண்டிருப்பதால் அவரும் பொழுது விடிந்ததிலிருந்து சிரித்துக்கொண்டே இருக்கிறார்.