செல்லோவில் இல்லாத சுரம்

எமரன்சி டீச்சரிடம் வருகிறவர்கள் வாசிக்கக் கற்றுக்கொள்ள வருவதில்லை. கேட்கக் கற்றுக்கொள்ள வருகிறார்கள்.

புதுச்சேரியில் அவர் வீட்டு மாடி அறையில் ஒரு செல்லோ இருக்கிறது. வயலினுக்கு அக்கா மாதிரி, பெரிய உடம்பு, கனத்த குரல். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லால் வாசிக்க வேண்டும். டீச்சர் பல வருடம் சென்னையில் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்தவர். இப்போது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அந்த அறையில் சிலர் கூடுகிறார்கள்.

ஐரோப்பாவில் மனம் உடைந்ததை எல்லாம் இசையாக எழுதிவைத்த ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்துச் செல்லோ இசையில் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். ஒரே இசையை வேறு வேறு ஆட்கள் வாசித்த பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்பார்கள்.

அங்கே ஒரே ஒரு விதிதான். எது நன்றாக இருந்தது என்று சொல்லக் கூடாது. என்ன கேட்டது என்று மட்டும் சொல்லலாம்.

அந்த விதியை வாராவாரம் மீறுகிறவர் பல் டாக்டர் புருஷோத்தமன். டீச்சரைவிட மிகவும் மூத்தவர். ஆனாலும் டீச்சர் உட்காராமல் அவர் உட்கார மாட்டார்.

எதைக் கேட்டாலும் கடைசியில் அவர் ஒன்றைத்தான் சொல்வார்.

"நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா எங்க வீட்டு இசைத்தட்டு மாதிரி வராது."

அது பெயர் வெளியே தெரியாத ஒரு போலந்துக்காரர் எழுதிய இரங்கல் இசை. டாக்டரின் மனைவி வேதவல்லி பழைய சாமான் கடையில் எடுத்தது. வேறு யாரும் அதை வாசித்து யாரும் கேட்டதில்லை. மனைவி போன பிறகு டாக்டர் அந்தத் தட்டை வீட்டைவிட்டு வெளியே எடுத்ததே இல்லை.

"அதுல கடைசி சுரம் ஒண்ணு இருக்கு பாருங்க, அந்த ஆழத்துக்கு எந்தச் செல்லோவும் போகாது" என்பார்.

பேக்கரி வைத்திருக்கும் மிக்கேல் சிரிப்பார். "ஊர்ல இருக்கிற பல்லையெல்லாம் பிடுங்கி எடுத்துட்டாரு. அந்தத் தட்டை மட்டும் வெளியே எடுக்க மாட்டேங்கிறாரே மனுஷன்."

ஒரு ஞாயிறு மிக்கேல் கையில் ஒரு சிடியோடு வந்தார். பிரான்சில் இருக்கும் மகள் அனுப்பியது.

"டாக்டரே, உங்க போலந்துக்காரர் கிடைச்சுட்டாரு. வேற ஆள் வாசிச்சது."

டாக்டரின் முகம் சுருங்கியது. டீச்சர் சிடியைப் போட்டார். எல்லோரும் கேட்டார்கள்.

"அவசரம்" என்றார் டாக்டர். "சாவு வீட்டுக்கு வந்தவன் பஸ் போயிடுமேன்னு வாசலைப் பார்த்துக்கிட்டே அழற மாதிரி."

"என்ன கேட்டுச்சுன்னு சொல்லுங்க டாக்டரே. தீர்ப்பு எழுதாதீங்க" என்றார் மிக்கேல்.

"கேட்டதைத்தான் சொல்றேன். சுருதியும் ஏத்தி வாசிக்கிறாங்க. எங்க தட்டுல இவ்வளவு மேல இருக்காது."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "சுருதி கீழயா இருக்கு?"

"கீழதான் டீச்சர்."

"ஒரு தடவை கொண்டு வாங்க டாக்டர்."

அவரிடம் டீச்சர் இதுவரை எதையும் கேட்டதில்லை. டாக்டர் போனார். தட்டைத் துண்டில் சுற்றி, மழைத் தூறலில் நனையாமல் சட்டைக்குள் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

டீச்சர் அதைத் தன் மெஷினில் வைத்து முள்ளை இறக்கினார்.

இரண்டு அடி வாசிப்பதற்குள் டாக்டர் எழுந்துவிட்டார். "உங்க மெஷின் வேகமா ஓடுது டீச்சர். இது இல்லை. இது அது இல்லை."

டீச்சர் செல்லோவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். தட்டில் கடைசி சுரம் வந்தபோது தன் செல்லோவின் கனமான தந்தியை வெறுமனே இழுத்தார். இரண்டு ஒலியும் ஒன்றாகவே இருந்தன. நடுவில் ஒரு மயிரிழைகூட இடம் இல்லை.

"என் மெஷின் சரியாத்தான் ஓடுது டாக்டர். இது செல்லோவோட கடைசித் தந்தி. இதுக்குக் கீழ செல்லோவுல சுரம் கிடையாது."

"எங்க வீட்ல கீழ கேக்குமே."

"தட்டு மெதுவாச் சுத்தினா சுருதியும் இறங்கிடும்" என்றார் டீச்சர்.

"அப்போ உங்க வீட்டு மெஷின்தான் நொண்டி..." என்று ஆரம்பித்த மிக்கேல், டாக்டரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் செல்லோவைப் பிடித்தபடி எழுந்தார். டாக்டர் மெல்ல உட்கார்ந்தார். அன்றுதான் முதல் தடவையாக டீச்சர் நிற்கும்போது உட்கார்ந்தார்.

"அவளுக்கு நுரையீரல்ல நோய்" என்றார். "மூச்சுப் பயிற்சின்னு ஆஸ்பத்திரியில என்னென்னவோ சொல்லிக் குடுத்தாங்க. ஒண்ணும் வரலை. இந்தத் தட்டைப் போட்டா மட்டும் வந்துச்சு. வில்லு ஒரு பக்கம் போறப்போ மூச்சை விடுவா. திரும்பி வர்றப்போ இழுப்பா. அவ்வளவு நிதானம் அது. 'வாசிக்கிறவரு எனக்காக நின்னு நின்னு போறாருங்க'ன்னு சொல்லுவா. போன அன்னைக்கும் அதுதான் ஓடிக்கிட்டிருந்துச்சு."

டாக்டர் தட்டை எடுத்துத் துண்டில் சுற்றினார்.

"அப்படி நின்னு வாசிச்ச ஆளே இல்லையா டீச்சர்? மெஷின்ல தட்டைச் சுத்தற, தளர்ந்துபோன ஒரு ரப்பர் பெல்ட்டையா அவ பிடிச்சுக்கிட்டு இருந்தா?"

டீச்சர் வில்லைத் துடைத்தார். செல்லோவை அதன் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"மிக்கேல், ஒரு ஆட்டோ கூப்பிடுங்க."

ஆட்டோவில் பெட்டிக்குத்தான் முழு இடமும் வேண்டியிருந்தது. டீச்சர் ஓரத்தில் ஒண்டிக்கொண்டார். டாக்டர் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தெரிய உட்கார்ந்தார். "பார்த்துப் போப்பா, உள்ள இருக்கிறது மாசமா இருக்கிற பொண்ணு மாதிரி" என்று சொல்லிவிட்டு மிக்கேல் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார்.

கீழே கிளினிக், மேலே வீடு. ஜன்னலோரம் ஒரு கட்டில். கட்டிலில் இருந்தபடியே கைக்கு எட்டுகிற தூரத்தில் மெஷின்.

"வேண்டாம் டீச்சர்" என்றார் டாக்டர். "இனிமே போட்டா எனக்கு பெல்ட்டுதான் கேக்கும். தூக்கி எறிஞ்சுடறேன்."

"எறியறதுக்கு முன்னாடி நான் கேக்கணும்."

டாக்டர் தட்டை வைத்தார். முள் ஒரு தடவை வழுக்கியது.

இசை வந்தது.

டீச்சர் வீட்டில் கேட்ட அதே இசைதான். அதே ஆள்தான். ஆனால் இப்போது அந்த ஆள் எங்கேயும் போக வேண்டியவராக இல்லை. ஒவ்வொரு சுரமும் தன் கனத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்தது. ஒன்று முடிந்து அடுத்தது வருவதற்குள் ஜன்னலுக்கு வெளியே மழையின் சத்தம் கேட்டது. அந்த மழையும் இசையில் எழுதி வைத்தது போல இருந்தது.

டீச்சர் சுவரில் சாய்ந்து நின்றார்.

கடைசி சுரம் வந்தது. செல்லோவுக்கும் கீழே. தரையின் அடியில் யாரோ தூக்கத்தில் முனகுவது போல.

டாக்டர் முள்ளைத் தூக்கி ஓரமாக வைத்தார். பிறகு மிக்கேல் மெதுவாகச் சொன்னார்.

"புது பெல்ட் கிடைக்கும் டாக்டரே. என் மாவு மெஷினுக்கு வாங்கற கடையிலயே கேட்டுப் பார்க்கிறேன். மாட்டிட்டா சரியாயிடும்."

"தொடாதீங்க" என்றார் டீச்சர்.

அவர் பெட்டியைத் திறந்தார். கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தட்டை மறுபடி போடச் சொல்லி, அதைக் கேட்டுக் கேட்டு, செல்லோவின் முறுக்காணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். நான்கு தந்திகளின் சுருதியும் கீழே இறங்கியது. கேட்கவே பயமாக இருந்தது. நோயில் கிடந்து எழுந்தவர் குரல் மாதிரி ஆகிவிட்டது செல்லோ.

"இப்படியும் வாசிக்கலாமா?" என்றார் மிக்கேல்.

"தெரியலை. பார்ப்போம்."

தட்டோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார். முதல் நீண்ட அடியின் பாதியிலேயே வில் முனைக்கு வந்துவிட்டது. நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். இந்த முறை கொஞ்சம் தூரம் போனது. அப்புறம் தந்தி கீறியது.

"இந்த நிதானத்துக்கு வில்லு பத்தலை" என்றார்.

"விட்டுடுங்க டீச்சர். மனுஷ கையால வாசிக்கிறது இல்லை அது."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் தட்டை மட்டும் கேட்டார். பிறகு வில்லை வைத்தார். வைத்தாரா, நகர்த்துகிறாரா என்றே தெரியவில்லை. வில் நின்றுகொண்டிருப்பது போலத்தான் இருந்தது. ஆனால் ஒலி வந்துகொண்டிருந்தது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை அவர் கை நடுங்கியது. ஒலி நடுங்கவில்லை.

தட்டில் ஒரு செல்லோ, அறையில் ஒரு செல்லோ. சிறிது நேரத்தில் எது எதிலிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

டீச்சர் மிக்கேலைப் பார்த்துத் தலையை அசைத்தார். மிக்கேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைத் தூக்கினார்.

தட்டு நின்றது. இசை நிற்கவில்லை.

டாக்டர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வில் ஒரு பக்கம் போனபோது அவர் மார்பு இறங்கியது. திரும்பியபோது ஏறியது. அது அவருக்குத் தெரியாது.

கடைசி சுரம். தளர்ந்த அந்தக் கனமான தந்தியிலிருந்து அது எழுந்து வந்தது. முதலில் பாதத்தில் தெரிந்தது, பிறகுதான் காதில் கேட்டது. மிக்கேல் தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார். ஒலி எப்போது முடிந்தது, மழைச் சத்தம் எப்போது அந்த இடத்துக்கு வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

டாக்டர் கேட்டார்.

"டீச்சர், இதை இதுக்கு முன்னாடி யார் வாசிச்சது?"

"யாரும் வாசிக்கலை. இப்போதான்."

"அப்போ வேதவல்லி கேட்டது?"

டீச்சர் தந்திகளை உடனே ஏற்றவில்லை. நடுங்கும் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"இதைத்தான் அவங்க முன்னாடியே கேட்டுட்டாங்க டாக்டர். எனக்குத்தான் வந்து சேர இவ்வளவு நாளாயிடுச்சு."