அசேலியாவின் வேர் ஏன் கீழே போவதில்லை

அந்தக் காலத்தில், செடிகளும் மனுஷரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, அசேலியா என்ற பூச்செடியின் வேர் கிணற்றுக் கயிறுபோல மலையின் அடிவயிறுவரை இறங்கியிருந்தது. குளிர் வந்தால் அதுவும் மற்றச் செடிகளைப்போல இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும்.

அந்த மலையில் குருவாத்தா என்றொரு தாய் இருந்தாள். ஐப்பசி மழையில் சரிவு பெயர்ந்து, ஆடு மேய்க்கப் போன அவள் மூத்த மகள் பூவாயியை மூடிவிட்டது. உடம்புகூடக் கிடைக்கவில்லை. செத்தவர்களுக்கு மூன்று நாள் சோறு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவது அந்த ஊர் வழக்கம். குருவாத்தாவுக்கு மனசு வரவில்லை. சரிவின் ஓரத்தில் நின்ற அசேலியாவின் தூரில் மண்வெட்டியால் குழி பறித்து, தினமும் ஒரு கவளம் புதைத்தாள். பிள்ளைக்குப் பக்கத்தில் போய்ச் சேரட்டும் என்று நாளுக்கு நாள் குழியை ஆழமாக்கினாள்.

நாற்பதாம் நாள் கேட்டே விட்டாள். "உன் வேர் அவ்வளவு தூரம் போகுதே, என் பிள்ளையப் பார்த்தியா?"

"அதைக் கேக்காதே, ஆத்தா," என்றது செடி. "கீழே இருக்கிறவங்க தூங்குறாங்க. கூப்பிட்டா முழிச்சுக்குவாங்க. முழிச்சவங்களுக்குத் துணை வேணும்."

"ஒரே ஒரு வார்த்தை வாங்கிட்டு வா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

பெற்றவள் அழுதால் செடிதான் என்ன செய்யும்? வேரை இன்னும் கீழே விட்டது.

மறுநாள் உச்சிவேளையில் பனிமூட்டமாய் மஞ்சு இறங்கிப் பாதையை மறைத்தது. பூக்காத பருவத்தில் செடி பூத்திருந்தது. அத்தனையும் பூவாயியின் பாவாடைச் சிவப்பு. எல்லாப் பூவும் ஒரே குரலில் பேசின.

"அம்மா, குளிருது."

குருவாத்தா மண்ணிலேயே விழுந்து கும்பிட்டாள். அதற்கப்புறம் அடுப்பு மறந்தது, ஆடு மறந்தது. இளையவள் செம்பியும் கூடவே வந்து அக்காளோடு பேசப் பழகிக்கொண்டாள்.

"அக்கா என்னைய விளையாடக் கூப்பிடுதும்மா," என்றாள் ஒருநாள். "உள்ளே நிறைய இடம் இருக்காம்."

"போடி, வாயாடி," என்று தாய் சிரித்தாள்.

அடுத்த நாள் அறுத்துக்கொண்டு ஓடிய ஆட்டைப் பிடித்துக் கட்டிவிட்டுத் தாய் வருவதற்குள் செம்பி முழங்கால்வரை மண்ணுக்குள் நின்றாள். மயிர்போன்ற வேர்கள் அவள் காலைச் சுற்றியிருந்தன. பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கூசுதும்மா."

சிரிக்கச் சிரிக்க இடுப்புவரை இறங்கிவிட்டாள். இழுத்துப் பார்த்தாள் தாய். வரவில்லை. "கடவுளே, இருக்கிற பிள்ளையையாவது விட்டுவை!" என்று அலறி, இடுப்புச் சுருக்குப்பையில் இருந்த வெற்றிலைச் சுண்ணாம்பை வழித்து வேரெல்லாம் அப்பினாள். பூக்கள் அத்தனையும் வீறிட்டன. பிடி தளர்ந்தது. பிள்ளையை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்துக் கீழே போன வேர்களை எல்லாம் வெட்டினாள்.

இலைகள் மஞ்சளாகிச் சுருண்டன. "எரியுதே, ஆத்தா! நான்தான் கேக்காதேன்னேனே," என்று செடி முனகியது.

வெட்டிய வேர்களின் அடியிலிருந்து, ரொம்பத் தூரத்தில், இன்னொரு குரல் வந்தது. "அம்மா, குளிருது. போத்திவிடு."

சோறும், துணைக்குத் தங்கச்சியையும் கொண்டுவந்த தனக்குப் போர்த்திவிடத் தோன்றவில்லையே என்று குருவாத்தா மார்பில் அடித்துக்கொண்டாள். சுண்ணாம்பு மண்ணைக் கையால் வழித்தெறிந்தாள். மழைத்தண்ணீர் ஊற்றினாள். சோலையிலிருந்து காய்ந்த சருகை அள்ளிவந்து தூரைச் சுற்றிப் போர்த்தி, பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல மெல்லத் தட்டிக் கொடுத்தாள். பிறகு செம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பின்னால் மண் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

அன்று முதல்தான் அசேலியா வேரை ஆழமாக விடுவதில்லை, சுண்ணாம்பைத் தாங்குவதில்லை, எந்தக் குளிரிலும் தன் இலைப் போர்வையை முழுக்க உதிர்ப்பதில்லை, வாயும் திறப்பதில்லை. அதன் தூரில் சருகு விலகிக் கிடந்தால், மலைத் தாய்மார் இன்றைக்கும் குனிந்து இழுத்துப் போர்த்திவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விடுகிறார்கள்.