புங்கமரத்துத் தூளி

ஜமீன் காரியஸ்தர் வேலி போட்டு வளைத்துக்கொண்ட புங்கமரம் தன்னுடையது என்று வழக்குப் போட்டிருந்தாள், களையெடுத்துப் பிழைக்கும் இருளாயி. அந்தச் சீமையில் நிலவழக்கில், வழக்காடுகிறவர் கேட்டால் ஊரார் ஐந்து பேரை உட்காரவைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவளும் கேட்டாள்.

"சட்டத்தைக் கரைத்துக் குடித்தவன் நானிருக்க, களத்துமேட்டு ஆட்கள் எதற்கு?" என்று சிரித்தார் நீதிபதி தாண்டவராயர். "உன் பேச்சும் செல்லாது. நீ வழக்காடுகிறவள்."

அப்போது பார்த்து இருளாயியின் இடுப்பிலிருந்த குழந்தை வீறிட்டது.

"பசி. பால் கொடு" என்று உத்தரவு போட்டார். கொடுத்தாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"புழுக்கம். விசிறு." விசிறினாள். கூரையே பறந்துவிடும்போல் கத்தியது.

"சாமி, வாசல்ல நிக்கிறவங்களை ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள்.

கேட்டார்.

"தூக்கத்துக்கு அழுவுது!" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில். ஒருத்தி உள்ளே வந்து, நீதிபதியின் நாற்காலிக்குப் பக்கத்து உத்தரத்தில் பழஞ்சேலையைத் தூளியாகக் கட்டினாள். நாலு ஆட்டு ஆட்டியதும் பிள்ளைக்குக் கண் சொக்கியது.

"பெற்றவள் உனக்கே இது தெரியாதா?" என்று கேட்டார் நீதிபதி.

"தெரியும் சாமி. வழக்காடுறவ பேச்சு செல்லாதுன்னீங்களே. இந்தத் தூளி தினமும் யாரு மரத்துல தொங்குச்சுன்னும் அவங்களுக்குத் தெரியும்."

காரியஸ்தர் துள்ளியெழுந்து வாயைத் திறந்தார்.

"மெதுவா, ஐயா. பிள்ளை தூங்குது" என்று கிசுகிசுத்த நீதிபதி, வாசலில் நின்றவர்களில் ஐந்து பேரை உள்ளே வந்து உட்காரும்படி ஒரு கையால் சைகை காட்டினார். இன்னொரு கை தூளியை ஆட்டிக்கொண்டிருந்தது.