இடது பாக்ஸின் வயர்

சவரிராயனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரியில். ஊசி போட வந்த நர்ஸிடம் என்னைக் காட்டினார்.

"இவர் என் சிஷ்யர்."

நர்ஸ் என் நரைத்த தலையைப் பார்த்தாள்.

"என்னைவிட எட்டு வயசு மூத்தவர்தான். ஆனா இவர் வீட்டு ஸ்பீக்கர் பாக்ஸ்ல என் கையால ஒரு ஆணிகூட அடிக்கல. எல்லாம் இவரே செஞ்சது. கோவில்பட்டியில அப்படி ஒரு ஜோடி வேற எங்கயும் கிடையாது."

முப்பது வருஷப் பழக்கத்தில் அவர் என்னைப் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். மறுநாள் காலையில் போய்விட்டார்.

அவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். நான் நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். ஷிப்ட் முடிந்ததும் அவர் கடையில் உட்கார்ந்து ஈயம் பற்றவைக்கப் பழகினேன். இருபது வாட்ஸில் ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்தேன். பிறகு இரண்டு பாக்ஸ். முகப்புத் துணிக்கு என் மனைவி வேலம்மாள் தன்னுடைய அரக்குச் சுங்குடிச் சேலையை வெட்டித் தைத்துக் கொடுத்தாள்.

பாட்டு வந்தது. ஆனால் மிருதங்கம் தகர டப்பா மாதிரி ஒலித்தது.

நாற்பது வாட்ஸ் செய்தேன். தகர டப்பாவின் சத்தம் கூடியது. நூறு வாட்ஸ் செய்தேன். என் ஆம்ப்ளிஃபயரில் குறை இருக்காது என்று எனக்குத் தெரியும். அப்படியானால் குறை பாக்ஸில்தான்.

"இந்தப் பாக்ஸை வித்துரப் போறேன். நூறு வாட்ஸுக்கு இது ஜோடி இல்ல."

"வித்துக்கோங்க," என்றாள் வேலம்மாள். "என் துணியை மட்டும் கழட்டிக் குடுத்துருங்க."

அதன்பின் நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பாக்ஸை வாங்க வருவதாக இருந்தது. அவர் வருமுன் சவரிராயனை வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"வாத்தியாரே, நூறு வாட்ஸுக்கு எந்த ஸ்பீக்கர் ஜோடி சேரும்?"

அவர் ஒரு கேசட்டைப் போட்டார். நடுவில் நாற்காலி போட்டு, அடுப்படியில் இருந்தவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மதினி, கண்ணை மூடிக்கோங்க. பாடுற அம்மா எங்க நிக்காங்க?"

அவள் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"எங்க நிக்காங்க? வீடு பூரா அலையுதாங்க. மிருதங்கக்காரர் வரவே இல்ல போலிருக்கு."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"ஒரு சின்ன பேட்டரி இருக்கா மதினி?"

அவள் சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். அவர் துணிச் சட்டங்களை எடுத்து அவள் மடியில் வைத்தார். இடது பாக்ஸின் வயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, பிளஸ்ஸில் இருந்த முனையைப் பேட்டரியின் தலையிலும் மற்ற முனையை அடியிலும் தொட்டார். டப். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் குதித்தது.

வலது பாக்ஸின் வயரை அப்படியே தொட்டார். டப். கூம்பு உள்ளே போனது.

"மாட்டும்போது பிளஸ் மைனஸ் பாக்கலையா அண்ணாச்சி?"

"பாட்டு ஏ.சி. கரண்ட்தானே. ஏ.சி.க்கு ஏது பிளஸ் மைனஸ்?"

பதினெட்டு வருஷ மில் சர்வீஸோடு சொன்னேன்.

"மில் மோட்டார்ல மூணு வயர்ல ரெண்டை மாத்திக் குடுத்தா?"

"எதிர்ப்பக்கம் சுத்தும்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்துக்கொண்டிருந்தது. நான் வாட்ஸைக் கூட்டக் கூட்ட, தள்ளுவதும் இழுப்பதும்தான் கூடின.

"அப்போ வலதுதான் தப்பு," என்றேன். "அதை மாத்திடுதேன்."

"தப்பு எதுன்னு யார் கேட்டா அண்ணாச்சி? எதை வேணும்னாலும் மாத்துங்க. ஒண்ணு திரும்பினாப் போதும்."

வேலம்மாள் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

நான் சரியாக இருந்த இடதையே மாற்றினேன்.

அவர் நூறு வாட்ஸை ஒதுக்கிவிட்டுப் பழைய இருபது வாட்ஸை எடுத்துவரச் சொன்னார். அதே கேசட். மிருதங்கத்தின் முதல் அடிக்கே அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

"இப்ப எங்க மதினி?"

"நடுவுல நிக்காங்க," என்றாள் கண்ணை மூடியபடி. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "மிருதங்கக்காரரும் வந்துட்டார்."

பாக்ஸ் வாங்க வந்தவர் அரை மணி நேரம் நின்றபடியே கேட்டார். விற்கவில்லை என்றதும், இதே மாதிரி இன்னொரு ஜோடி செய்து தரமுடியுமா என்று கேட்டார்.

"முடியாது," என்றாள் வேலம்மாள். "அந்தச் சேலை ஒண்ணுதான் இருந்துச்சு."

சவரிராயன் போய் ஆறு வருஷம் ஆகிறது. வேலம்மாள் அவருக்கு முந்தியே போய்விட்டாள். பாக்ஸ் இரண்டும் அதே இடத்தில் இருக்கின்றன. இடது பாக்ஸில் வயர் இன்னும் மாற்றித்தான் மாட்டியிருக்கிறது.