எட்டா, ஐந்தா, இருபத்திரண்டா?

 பேச்சியம்மாளின் மகள் அபிநயாவுக்குப் பதினோரு வயது. அவள் நினைக்காமலே தோள் வெட்டும், கண் சிமிட்டும். முன்பு மாத்திரை கொடுத்தபோது பிள்ளை வகுப்பிலேயே தூங்கி விழுந்தாள். அதனால் டாக்டரம்மா கைப்பேசியில் இதைக் குறைக்கப் பயிற்சி தரும் செயலி ஒன்றைக் கொடுத்தார்.

"எட்டு வாரம் பாப்போம். பத்து நிமிசத்துல எத்தன தடவன்னு முதல் வாரமும் கடைசி வாரமும் எண்ணுங்க. பாதியாக் குறையலன்னா மறுபடி மாத்திரதான். உங்கள மாதிரி வீடுகள்ல இருந்து வர்ற எண்ணிக்கைய வச்சுத்தான் மத்த பிள்ளைகளுக்கும் இதக் கொடுக்கலாமான்னு சொல்லுவோம்."

முதல் வாரம் பேச்சியம்மாள் அடுப்படியில் நின்று, மகளுக்குத் தெரியாமல் எண்ணினாள்: நாற்பது. ஆசை யாரை விட்டது? கடைசி வாரம் கைப்பேசியும் கையுமாக மகளுக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள்: எட்டு.

எஸ்தர் டீச்சர் கடைசி வாரம் மட்டும் வகுப்பில் எண்ணிச் சொன்னார்: ஐந்து.

அப்பா சுடலைமுத்து ஆட்டோ ஓட்டுகிறவன். பள்ளி விட்டு மகளை அழைத்துவரும்போது கோவில்பட்டி ரயில்வே கேட்டில் தினமும் பத்து நிமிடம் நிற்க வேண்டும். அப்போது உள்கண்ணாடியில் பார்த்து எண்ணினான். அவளுக்குத் தெரியாது. முதல் வாரம் முப்பது, கடைசி வாரம் இருபத்திரண்டு.

ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். செயலியில் ஒருவர் எண்ணியதை எழுதத்தான் இடம்.

"எட்டுன்னு போடுங்க. நான் பொய் சொல்லல, கண்ணால பாத்தேன்" என்றாள் பேச்சியம்மாள்.

"நானும் கண்ணாலதான் பாத்தேன்."

"இருபத்திரண்டுன்னு போட்டா பிள்ள மறுபடி தூங்கி விழுமுங்க."

சுடலைமுத்து கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஐந்தே முக்கால்.

மூவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால், பிள்ளைக்கு எவ்வளவு குறைந்தது என்று சொல்லத் தகுந்தது யாருடைய எண்? நீங்களே சொல்லுங்கள்.

விடை: அப்பாவின் எண்தான். அம்மா முதலில் ஒளிந்து பார்த்தாள், பிறகு எதிரே உட்கார்ந்தாள். எதிரே ஆள் இருந்தால் பிள்ளை அடக்கிக்கொள்ளும். டீச்சரிடம் பழைய எண் இல்லை. அப்பா மட்டுமே இரண்டு முறையும் அதே இடத்தில், அதே விதமாகப் பார்த்தவன். பேச்சியம்மாள் அழுதுகொண்டே அவன் எண்ணை எழுதி அனுப்பினாள். விஷயம் தெரியாத அபிநயா சாப்பிடும்போது சொன்னாள்: "ஆட்டோலதாம்மா எனக்கு நிம்மதி. அங்கதான் என்னை யாரும் பாக்கிறதில்ல." மறுநாள் சுடலைமுத்து அந்தக் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டுத்தான் பள்ளிக்குப் போனான்.